டிரியெஸ்ட்டுக்குக் கை ஏது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், ஆளை ஏற்றிக்கொண்டு 6,000 மீட்டர் ஆழம் இறங்கவிருக்கும் மத்ஸ்யா 6000 கலம் பற்றிய கட்டுரையை, பள்ளிக்கரணையில் உருவாகும் நம் ஊர்க் கலமாயிற்றே என்ற பெருமையோடுதான் படிக்கத் தொடங்கினேன். ‘1960-இல் டிரியெஸ்ட் தன் இயந்திரக் கையால் மரியானா அகழியின் மண்ணை அள்ளி வந்தது’ என்ற வரியோடு பெருமை ஓய்ந்தது. அவ்வாண்டு ஜனவரி 23 அன்று டிரியெஸ்ட் என்ற அந்த ஆழ்கடல் கலத்தில் ழாக் பிக்காரும் டான் வால்ஷும் உலகின் மிக ஆழமான அந்த அகழிக்கு இறங்கி, ஏறத்தாழ 10,900 மீட்டர் ஆழத்தில் இருபது நிமிடம் இருந்தார்கள். கலங்கிய சேற்றில் ஒரு புகைப்படம்கூடத் தேறவில்லை. மண்ணை அள்ள அந்தக் கலத்தில் கையே இல்லை. கை பொருத்தியது 1963-இல், 129 பேரோடு மூழ்கிய திரெஷர் என்ற அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலைத் தேடியபோது. அந்தக் கைதான் நெளிந்த குழாய் ஒன்றை மேலே கொண்டுவந்தது.

அடுத்த பத்தியில், 1966-இல் ஸ்பெயினின் பலோமரெஸ் அருகே கடலில் விழுந்த ஹைட்ரஜன் குண்டை ஆல்வின் தூக்கிவந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஆள் ஏறிச் செல்லும் கலமான ஆல்வின் அதைக் கண்டுபிடித்தது; மேலே கொண்டுவந்தது அதுவல்ல. ஏறத்தாழ 870 மீட்டர் ஆழத்தில் குண்டின் பாராசூட்டில் கயிறு மாட்டியது, ஆள் ஏறாமல் கேபிளில் இறக்கிய கர்வ் என்ற கருவியின் கை. கடைசியில் அதுவே பாராசூட்டில் சிக்கி, குண்டோடு சேர்ந்து மேலே வந்தது. பழுதைக் கண்டு சொன்னவருக்குப் பாராட்டும், கழற்றி மாட்டியவனுக்கு எண்ணெய்க் கறையும் என்பது, அம்பத்தூர்ப் பட்டறையில் 31 ஆண்டுகள் ஹைட்ராலிக் சிலிண்டர் பழுதுபார்த்த எனக்குப் புதிதல்ல.

‘இறுக்கி அடைத்திருப்பதால் கை நசுங்குவதில்லை’ என்ற விளக்கத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. 6,000 மீட்டரில் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 600 மடங்கு அமுக்கும். மூட்டுகள் அசையும் ஒரு கையில், வெறும் ஓ-ரிங்கை (அடைப்பு ரப்பர் வளையத்தை) மட்டும் நம்பி அதைத் தடுப்பது கடினம். கைக்குள் எண்ணெய் நிரப்பி, ரப்பர்ச் சவ்வு வழியாகக் கடலின் அழுத்தத்தையே உள்ளேயும் ஏறவிடுகிறார்கள். ஊசி போடும் சிரிஞ்சில் காற்றை அடைத்து முனையை விரலால் பொத்தி அமுக்குங்கள், தண்டு உள்ளே போகும். தண்ணீர் நிரப்பி அமுக்குங்கள், அசையாது. என் பேரனுக்கு இது அரை நிமிடத்தில் விளங்கியது.

குண்டுவெடித்துக் கடலில் விழுந்த ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் பற்றிய நாற்பதாம் ஆண்டுக் கட்டுரையில், கறுப்புப் பெட்டிகளை ‘நீச்சல் வீரர்கள்’ மீட்டதாக எழுதினீர்கள். அயர்லாந்துக்கு அப்பால் சுமார் 2,000 மீட்டர் ஆழத்துக்கு நீந்திப்போன அந்த வீரர்களைத் தரிசிக்க ஆசைதான். 1985 ஜூலையில் பெட்டிகளை எடுத்தது ஸ்காரப் என்னும் ஆளில்லாக் கலத்தின் இயந்திரக் கை என்று மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். ‘கட்டுரை அருமை’ என்ற என் முதல் வரியை மட்டும் பிரசுரித்துப் பெருமைப்படுத்தினீர்கள். அதனால்தான் இம்முறை அந்த வரியை எழுதவில்லை.

தாங்கள் அறியாததல்ல. டிரியெஸ்ட், ஆல்வின் இரண்டுக்கும் இரண்டு வரியில் திருத்தம் போட்டால் போதும். ராசிபலனுக்குக் கீழே வேண்டாம், அதே இணைப்பில் வரட்டும். பேரன் அந்தப் பக்கத்தை வெட்டிப் பள்ளி ஆல்பத்தில் ஒட்டிவிட்டான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
அம்பத்தூர், சென்னை.