அந்த 20 மீட்டர் கரையைக் காட்டுக்கே விடுங்கள்

மலேசியத் தோட்டத் தொழில், மூலப்பொருள் அமைச்சுக்கு,

வணக்கம். செம்பனை எண்ணெய் வாங்கும் நாடுகளுக்கு ஓராங் உத்தானைப் பரிசாகக் கொடுக்கப்போவதாக 2024 மே மாதம் நீங்கள் அறிவித்தபோதே எழுத நினைத்தேன். ஆகஸ்டில் அதை மாற்றி, விலங்கு காட்டைவிட்டு எங்கும் போகாது, எண்ணெய் வாங்கும் நிறுவனங்கள் தத்தெடுத்துப் பணம் தரலாம் என்றீர்கள். சரி, காதில் விழுந்திருக்கிறது என்று சும்மா இருந்துவிட்டேன். போன மாதம் சபா மாநிலத்தில் சுக்காவ் கிராமம் வரை போய் வந்த பிறகு அப்படி இருக்க முடியவில்லை.

கினாபாத்தாங்கான் ஆற்றில் படகில் போனோம். மாலை ஐந்தரை இருக்கும். கரையோர அத்தி மரத்தில் ஒரு தாய் ஓராங் உத்தான், இடுப்பைப் பிடித்தபடி குட்டி. படகோட்டி இயந்திரத்தை நிறுத்தியதும் கிளை முறியும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. வளைத்து, மிதித்து, மேலே இலைக்கொத்துகளைப் போட்டு, பத்து நிமிடத்துக்குள் அன்றைய இரவுக்குப் படுக்கை தயார். பக்கத்தில் குட்டியும் இரண்டு குச்சியை ஒடித்துப் போட்டுப் பார்த்தது. எந்த மரம் எப்போது பழுக்கும், எந்தக் கிளை தாங்கும் என்பதையெல்லாம் அது ஆறேழு வருடம் அம்மா கூடவே இருந்துதான் கற்றுக்கொள்கிறது, அதனால்தான் ஒரு தாய்க்கு அடுத்த குட்டி பிறக்க ஏழெட்டு வருடம் ஆகிறது.

அந்த அத்திக்குப் பின்னால் நாலைந்து மரம். அப்புறம் செம்பனைதான், வரிசை வரிசையாக.

ஓராங் உத்தானுக்கு நீந்தத் தெரியாது. இரு கரை மரங்களும் மேலே கிளை கோத்து நின்றவரை சிற்றாறுகளைக் கீழே இறங்காமலே கடந்தது. கரை மரங்கள் போன இடங்களில் இப்போது பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னிக் குறுக்கே கட்டியிருக்கிறார்கள், அதைப் பிடித்துக் கடக்கிறது. கட்டிய தொண்டர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் ஒரு காட்டு உயிர் ரப்பர் குழாயை நம்பி வாழும்படி விட்டவர்கள் நாம்தானே?

சட்டம் இல்லாமல் இல்லை. மூன்று மீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள ஆறுகளின் கரையில் 20 மீட்டரை ஒதுக்க வேண்டும் என்று சபாவின் 1998 நீர்வளச் சட்டமே சொல்கிறது. 2005இல் கீழ் கினாபாத்தாங்கானில் சுமார் 26,000 ஹெக்டேரைச் சரணாலயமாக அறிவித்தார்கள், அதுவும் துண்டு துண்டாகத்தான் கிடக்கிறது. துண்டுகளை இணைக்க இந்தக் கரையைவிட்டால் வேறு வழி ஏது? நிலம் மாநில அரசின் கையில் என்பீர்கள், தெரியும். தத்தெடுப்புத் திட்டம் உங்களுடையதுதானே? அந்தப் பணம் முதலில் கரைக்குப் போகட்டும். செம்பனையை எடுத்துவிட்டு அத்தியும் பினுவாங் மரமும் நடுங்கள்.

நான் செம்பனைக்கு எதிரி அல்ல. அப்பா குலை வெட்டிய கூலியில் படித்தவன். தோட்டம் கைமாறியபோது மூன்று தலைமுறையாக இருந்த லயத்தைவிட்டு ஒரே மாதத்தில் கிளம்பச் சொன்னார்கள், யாரும் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேச்சு எங்கோ போகிறது, மன்னியுங்கள். அந்தத் தாயைப் பார்த்ததிலிருந்து எங்கள் அம்மா சட்டி பானை கட்டிய நாள்தான் ஞாபகம் வருகிறது.

தயவுசெய்து அந்த 20 மீட்டரைக் காட்டுக்கே திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். எந்தக் கரையில், எப்போது தொடங்குவீர்கள் என்று ஒரு வரி பதில் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
தோட்டத்துப் பிள்ளை ஒருவன்