கார்த்தியின் 11 மணிக் காபி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, வீடு மாற்றிய அலைச்சலில் பதில் எழுத முடியவில்லை. மாம்பலத்தை விட்டு மயிலாப்பூருக்கு வந்துவிட்டோம். விடிகாலையில் மெரினாவுக்கு நடந்தே போய், கலங்கரை விளக்கத்திலிருந்து நேப்பியர் பாலம் வரை ஓடித் திரும்புகிறேன், 52 வயதில் இது முடிகிறதே என்று சந்தோஷமாக இருக்கிறது.

கார்த்தி நீட்டுக்குப் படிக்கிறான், தங்கச்சி தினமும் ராத்திரி 11 மணிக்குக் காபி கலந்து கொடுக்கிறாள் என்று எழுதியிருந்தாய் பார், அதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. அதை நிறுத்தச் சொல்லுடா.

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்று ஒன்று சேர்ந்துகொண்டே வரும், அது தன் இடத்தில் போய் உட்கார உட்காரத்தான் நமக்குக் கண் சொக்கும். காபியில் இருக்கிற கஃபீன் முந்திப்போய் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அவ்வளவுதான். களைப்பு எங்கேயும் போகவில்லை, வாசலில் நிற்கிறது, கஃபீன் எழுந்ததும் மொத்தமாக உள்ளே வந்துவிடும். குடித்ததில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம், ஆளுக்கு ஆள் கூடக் குறைய ஆகும், அப்படியானால் 11 மணிக் காபியில் பாதி விடியற்காலை 4 மணிக்கும் அவன் ரத்தத்தில் இருக்கும். படித்தது நன்றாகப் பதிவதே தூக்கத்தில்தான், அதைப் போய்க் கெடுத்துக்கொள்கிறானே!

எனக்கே இது நடந்தது. ஆபீஸ் விட்டு வந்ததும் ஆறு மணிக்கு ஒரு டபரா காபி, ராத்திரி ஒரு மணிவரை புரண்டுகொண்டே இருப்பேன், வயசாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். மூன்று மணிக்கு மேல் காபி இல்லை என்று ஒரே நாளில் நிறுத்தினேன். மறுநாளே தலைவலி பிடித்தது, மூன்று நாள் விடவில்லை. அப்புறம் வந்த தூக்கத்தை எப்படிச் சொல்ல! கார்த்திக்கு அந்த வேதனை வேண்டாம், டிகாஷனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கட்டும்.

காலைக் காபியை நான் விடவில்லை, விடவும் மாட்டேன். ஓடப்போவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் முதல் டிகாஷனில் குடித்தால் அதே தூரம் லேசாகத் தெரிகிறது. உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் கஃபீன் நெடுந்தூர ஓட்டத்துக்கு உதவுகிறது என்று நிறைய ஆய்வுகள் இருக்கின்றன, 70 கிலோ ஆளுக்குக் குறைந்தது 210 மில்லிகிராம். ஒரு காலத்தில் ஒலிம்பிக்கிலேயே அளவு மீறினால் குற்றம், 2004-இல்தான் தடைப்பட்டியலிலிருந்து எடுத்தார்கள். ஆனால் நாள் முழுவதற்கும் 400 மில்லிகிராமுக்கு மேல் பெரியவர்களுக்கே வேண்டாம் என்கிறார்கள், பையனுக்கு அதைவிடக் குறைவுதான் சரி. கூடினால் கை நடுங்கும், படபடப்பு வரும், பரீட்சை ஹாலில் அது வேறா?

இன்னொன்று யோசித்தாயா, நீட் நடப்பது மதியம் 2 மணிக்கு. ராத்திரியெல்லாம் விழித்துப் பழகினவனுக்குச் சரியாக அந்த நேரத்தில்தான் கண் சொருகும். இப்போதிருந்தே 11 மணிக்குப் படுக்கட்டும், மாதிரித் தேர்வு நாட்களில் மதியம் ஒரு மணிக்கு அரை டம்ளர் குடித்துப் பார்க்கட்டும், ஒத்துக்கொண்டால் பரீட்சையன்றும் அதையே செய்யலாம், புதிதாக எதுவும் வேண்டாம்.

பொங்கலுக்கு வருகிறேன், அவனோடு உட்கார்ந்து பேசுகிறேன். தங்கச்சியிடம் நான் கோபித்துக்கொள்ளவில்லை என்று சொல், பாசத்தில்தான் கொடுக்கிறாள்.

உன்,
சுந்தரம்