எண்ணூர் முகத்துவாரத்தைக் கடல் வற்றும் நேரத்தில் ட்ரோன் வைத்து மறுபடி அளக்கக் கோரி மனு

அனுப்புநர்:
முகத்துவாரப் பகுதி மீனவ மக்கள்,
எண்ணூர், சென்னை.

பெறுநர்:
கடலோர அளவீட்டுப் பணிக்குப் பொறுப்பான உயர் அதிகாரி அவர்கள்,
சென்னை.

பொருள்: முகத்துவாரத்து மணல் திட்டை முறையாக, தொடர்ந்து அளந்து, வரைபடத்தை ஊருக்குத் தருவது குறித்து.

பார்வை: இதே பொருளில் நாங்கள் முன்பு கொடுத்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தைப் பற்றித் தங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. பாலத்தில் நின்று நேரில் பார்த்தவர் தாங்கள். முந்தைய மனுக்களுக்கு ரசீது கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. ஆகவே பணிவோடு மீண்டும் எழுதுகிறோம்.

1. ட்ரோன் வேண்டும் என்று கேட்டதே நாங்கள்தான். அனுப்பினீர்கள், நன்றி. ஆனால் அது பறந்தது கடல் ஏற்றம் முழுதாக நின்ற நேரத்தில். கேமரா தண்ணீரின் மேல்பரப்பைத்தான் எடுக்கும், கலங்கிய நீரின் அடியைக் காட்டாது. பிறகு அளவையாளர் காட்டிய வண்ணப் படத்தில், வாயை அடைத்துக் கிடக்கும் திட்டு முழுக்க நீலம், அதாவது ஆழமான தண்ணீர் என்று.

2. எங்கள் கரையோரம் வருடத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திரும்பும். முகத்துவாரத்துக்கு வடக்கே துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் வந்த பிறகு, அதன் தென்பக்கம் மணல் சேர்கிறது, வடபக்கம் கரை அரிக்கிறது. பூண்டி ஏரியைத் திறந்தால் வெள்ளம் திட்டை உடைக்கும், கோடையில் அலை மறுபடி கட்டிவிடும். ஆகவே தை மாதப் படத்தை நம்பி ஆடியில் படகு விட முடியாது.

3. ஐயா, இதைத்தான் முக்கியமாகப் படிக்க வேண்டுகிறோம். விடியுமுன் போன ஃபைபர் படகு திரும்பும்போது கடல் வற்றியிருந்தால் உள்ளே வர முடியாது. வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் குதித்துத் தள்ள வேண்டும். வாயில் மணல். அதைத் தாண்டினால் தொடை வரை சாம்பல் சேறு, ஒரு காலைப் பிடுங்கினால் இன்னொரு கால் புதையும். ஒருவர் இன்ஜின் தண்டைத் தூக்கிப் பிடிக்க, மற்றவர்கள் விளிம்பில் தோள் கொடுத்துத் தள்ளுவார்கள். பின்னாலிருந்து ஓர் அலை அடித்தால் படகு குறுக்கே திரும்பும், அப்புறம் வலையாவது மீனாவது. விசிறி மணலில் தட்டி இதழ் வளைந்தால் அன்றைய வரும்படி ரிப்பேருக்கே சரி. இதற்குள் பெட்டியில் ஐஸ் கரைந்து மடவையின் செவுள் பழுப்பேறிவிடும். ஏலம் எடுப்பவர் முதலில் தூக்கிப் பார்ப்பதே செவுளைத்தான். பாதி விலை கேட்பார், கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். கூடையோடு காலையிலிருந்து கரையில் நிற்கும் பெண்கள் அதை எடுத்துக்கொண்டு எந்தத் தெருவுக்குப் போவார்கள்? மதியத்துக்கு மேல் யார் மீன் வாங்குகிறார்கள்? நீலம் பூசிய இடத்தில்தான் ஐயா எங்கள் பிள்ளைகள் நின்று படகு தள்ளுகிறார்கள்! அந்தப் படத்தைக் காட்டி "அங்கே ஆழம் இருக்கிறதே" என்கிறார்கள். ஆழம் இருந்தால் நாங்கள் ஏன் குதிக்கிறோம்?

4. இது அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கக் கூடாத சிவப்பு மண்டலம், அடிக்கடி பறக்க முடியாது என்று அதிகாரிகள் வாய்மொழியாகச் சொன்னார்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி மத்திய அரசின் அனுமதி பெற்றால் அங்கும் பறக்கலாம். ஒருமுறை பறந்ததும் அப்படித்தானே? செயற்கைக்கோள் படம் போதும் என்றும் சொன்னார்கள். இலவசமாகக் கிடைக்கும் சென்டினல் என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர். எங்கள் படகு மொத்தமும் அந்த ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும், எங்கள் கஷ்டமும் அதற்குள்ளேயே அடங்கட்டும் என்று விட்டுவிட்டார்கள் போலும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்தபோது, முந்தைய மாதத்துப் படம் ஒன்று கையில் இருந்திருந்தால் எது எங்கே மாறியது என்று அன்றே காட்டியிருக்கலாம். அதற்குப் பிறகாவது?

5. அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி, கடல் நன்றாக வற்றும் நேரத்தில் பறக்க வேண்டும். கரையில் நிலையான குறிகள் பதித்து, ஒவ்வொரு முறையும் அவற்றையே வைத்து அளந்தால்தான் ஒரு படத்தை இன்னொன்றோடு ஒப்பிட முடியும். தண்ணீருக்கு அடியில் இருப்பதைப் படகிலிருந்து, ஒலியை அனுப்பி ஆழம் அளக்கும் எதிரொலிக் கருவியால் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை, புயலுக்குப் பின் உடனே.

6. படத்தை எங்களிடம் கொடுங்கள்.

தூர் வாருவது அப்புறம் இருக்கட்டும். எங்கே வார வேண்டும் என்று தெரியாமல் வாரினால் அள்ளிய மணல் திரும்ப வாய்க்கே வரும். முதலில் சரியாக அளக்க உத்தரவிடுங்கள் ஐயா, தயவுசெய்து உத்தரவிடுங்கள். ட்ரோன் வரும் நாளை முன்கூட்டிச் சொன்னால் வற்றும் நேரத்தை நாங்களே சொல்கிறோம். படகும் ஆளும் டீசலும் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முகத்துவாரப் பகுதி மீனவ மக்கள்

இணைப்பு: முந்தைய மனுக்களின் ரசீது நகல்கள்; நீல நிறப் படத்தின் நகல், நாங்கள் படகு தள்ளும் இடம் அதில் பேனாவால் வட்டமிடப்பட்டுள்ளது.