பெங்களூர் பக்கம் உட்கார்ந்திருக்கும் மகளுக்கு

வியாசர்பாடி
14-3-2018, புதன் இரவு

அன்புள்ள அம்முவுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று ராத்திரி ஆட்டம் முடிந்ததும் போனைக் கையில் வைத்துக்கொண்டு நேரு ஸ்டேடியம் வாசலில் பத்து நிமிடம் நின்றேன். எப்போதும் நீதானே முதலில் கூப்பிடுவாய். கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல். இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்து செமி ஃபைனலில் நம் சென்னையின் எஃப்.சி. கோவாவை 3-0 என்று அடித்து ஃபைனலுக்குப் போயிருக்கிறது, அதற்கு ஒரு கட்டைவிரல்! சரி, உன் சங்கடமும் புரிகிறது. சனிக்கிழமை ஃபைனலில் உங்கள் பெங்களூரு எஃப்.சி. எதிரில் நிற்கப்போவது நாங்கள். கூப்பிட்டு என்னதான் பேசுவாய்?

போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் குரல் உயர்ந்துவிடும், அப்புறம் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு சாப்பிட்டாயா என்று ஆரம்பித்துவிடுவாள். அதனால்தான் கடிதம். நாளைக் காலை ஸ்பீடு போஸ்ட்டில் போட்டால் வெள்ளிக்கிழமை வந்துவிடும் என்கிறார்கள். ஆட்டம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தால் எடுத்துப் படித்துச் சிரி.

நேற்றைய ஆட்டத்தை நீ டிவியில் பார்த்திருப்பாய். ஆனால் நேரில் பார்த்தது வேறு. கோவாவில் 1-1 என்று முடித்துவிட்டு வந்ததால் இங்கே கோல் வாங்காமல் இருந்தாலே போதும் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முதல் கால் மணி நேரம் கோவாக்காரர்கள் பந்தைத் தொடும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நவம்பர் 19 ஞாபகம் இருக்கிறதா? சீசனின் முதல் ஆட்டம், இதே மைதானம், இடைவேளைக்குள் மூன்று வாங்கி 2-3 என்று தோற்றோமே, அதே கோவா. ஆனால் 26-ஆவது நிமிடம் நம் ஸ்ட்ரைக்கர் ஜெஜெ அடித்தான். சில ஆட்டங்களாகக் கோலே போடாமல் தலை குனிந்து திரிந்த பையன், முகம் அப்படி மாறிவிட்டது. கூச்சல் அடங்குவதற்குள், மூன்றே நிமிடத்தில், நம் தனபால் கணேஷ் தலையால் முட்டி இன்னொன்று. சென்னைப் பையன், சென்னை மைதானத்தில், செமி ஃபைனலில் கோல்! என் பக்கத்தில் இருந்தவர் யாரென்றே தெரியாது, என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். கடைசி நிமிடத்தில் ஜெஜெ மூன்றாவதைப் போட்டபோது நான் உட்கார்ந்தே இருந்தேன், முட்டி ஒத்துழைக்கவில்லை.

இனி சனிக்கிழமை. நீ என்னைப் பிடிவாதக்காரன் என்பாய், அதனால் கணக்கை நேர்மையாகவே சொல்கிறேன். லீக்கில் நீங்கள் 40 புள்ளி, நாங்கள் 32. இரண்டாம் இடம் என்று மார்தட்டிக்கொண்டாலும் நடுவில் எட்டுப் புள்ளி பள்ளம். நான்கு ஆட்டம் தோற்றீர்கள், நாங்களும் நான்குதான். ஆனால் நீங்கள் ஜனவரி நடுவுக்குப் பிறகு லீக்கில் தோற்கவே இல்லை. ஐ.எஸ்.எல்.லுக்கு வந்த முதல் வருடமே இப்படி ஆடுகிறார்கள் என்று ஊர் வாய் பிளக்கிறது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. நாட்டின் இன்னொரு லீக்கான ஐ-லீக்கை இரண்டு தடவை ஜெயித்து, 2016-இல் ஆசிய கிளப்களுக்கான ஏ.எஃப்.சி. கோப்பை ஃபைனல் வரை போன கிளப் அது. புதுசு என்று சொல்வதே தப்பு.

செமி ஃபைனலில் புனேவை உங்கள் கேப்டன் சேத்ரி தனியாளாக முடித்துவிட்டான். மூன்று கோல். அவனை எனக்குப் பிடிக்கும், அதை இன்று வரை உன்னிடம் சொன்னதில்லை. அந்தப் பக்கம் உங்கள் விங்கர் உதாந்தா ஓடுகிற ஓட்டத்துக்கு எங்கள் ஜெர்ரிதான் ஈடு கொடுக்க வேண்டும், அவனுக்குப் பத்தொன்பது வயது. இந்தப் பக்கம் கால்டெரோனுக்கு முப்பத்தாறு. ஒரு ஓரம் பிள்ளை, ஒரு ஓரம் மாமா, நடுவில் மைல்சனும் செரெனோவும் உங்கள் ஸ்ட்ரைக்கர் மிக்குவைப் பிடித்து வைக்க வேண்டும். நினைத்தால் தூக்கம் வரவில்லை.

எங்கள் கையில் என்ன இருக்கிறது? ஒன்று, எங்கள் பயிற்சியாளர் ஜான் கிரெகரி. அந்த மனிதர் 2000-இல் ஆஸ்டன் வில்லாவை எஃப்.ஏ. கோப்பை ஃபைனல் வரை கொண்டுபோய் செல்சியிடம் 1-0 என்று விட்டவர். ஃபைனலில் தோற்ற வலி தெரிந்தவர் ஃபைனலைச் சும்மா விடமாட்டார். இன்னொன்று, பந்து மேலே வந்தால் எங்களுக்கு லாபம். புனேயில் செரெனோ தலையால் முட்டித்தான் ஜெயித்தோம், நேற்று கணேஷ். கார்னரோ ஃப்ரீ கிக்கோ கிடைத்து நெல்சன் பந்தை வைக்கும்போது நீ பந்தைப் பார்க்காதே, பெட்டிக்குள் நிற்கும் எங்கள் பேக்குகளைப் பார். உங்கள் கோலி குர்பிரீத் பனைமரம் மாதிரி நிற்கிறான் என்பது எனக்கும் தெரியும். பனைமரம் குனிய நேரமாகும்.

அப்புறம் டிசம்பர் 17. ஃபைனல் நடக்கப்போகிற இதே கண்டீரவா மைதானத்தில் 85-ஆவது நிமிடம் சேத்ரி சமன் செய்தான், உங்கள் ஆட்கள் கத்தி முடிப்பதற்குள் 88-இல் கணேஷ் அடித்து 2-1. அன்றைக்கு நீ என்னைக் கூப்பிட்டுச் சிரித்தாய். அப்போது நீ இன்னும் எங்கள் ஆள். ஊருக்குப் புதுசு, ஆபீஸ் பிள்ளைகள் இழுத்துக்கொண்டு போனார்கள் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஆட்களின் காயத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். டீக்கடையில் ஆளுக்கொரு டாக்டர். யாரோ ஒருவருக்குத் தொடை பிடித்துக்கொண்டதாம், இன்னொருவர் நேற்று நொண்டிக்கொண்டே பஸ் ஏறியதைக் கண்ணால் பார்த்தாராம். பேப்பரில் ஒரு வரி கிடையாது. எனக்குக் கவலை அதுவல்ல, களைப்பு. 10-ஆம் தேதி கோவாவில், 13-இல் இங்கே, 17-இல் அங்கே. எட்டு நாளில் மூன்று ஆட்டம். வெளிநாட்டு ஆட்கள் ஐந்து பேர்தான் களத்தில் நிற்கலாம் என்று இந்த வருடம் குறைத்துவிட்டதால், ஓடுகிற வேலை முழுக்க நம் பையன்கள் தலையில். உங்களுக்கு 11-க்குப் பிறகு நேராக 17. அதற்காகப் பாவம் பார்க்க வேண்டாம், உங்கள் ஆட்களும் ஆசியப் போட்டியையும் சேர்த்து இழுத்துக்கொண்டுதான் ஓடுகிறார்கள். எழுபதாவது நிமிடத்துக்கு மேல் யார் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள் என்று பார். அந்தப் பக்கம்தான் ஆட்டம் சாயும்.

கணேஷ் எம்பித் தலையால் முட்டும்போதெல்லாம் நான் கோலைப் பார்ப்பதில்லை, அவன் எந்தக் காலில் இறங்குகிறான் என்றுதான் பார்ப்பேன். என் முட்டி கற்றுக்கொடுத்த பழக்கம்.

அந்தக் கதையை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. 1987. ஐ.சி.எஃப்.பில், அதாவது பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில், எங்கள் ஷாப் பையன்களுக்கும் பின்னி மில் பையன்களுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். கோப்பையும் கிடையாது ஒன்றும் கிடையாது, ஜெயித்தவனுக்குத் தோற்றவன் பரோட்டா வாங்கித் தரணும். உன் தாத்தா மில்காரர். பெற்ற பிள்ளை ஐ.சி.எஃப். பக்கம் லெஃப்ட் விங் ஆடுகிறான், அவர் மில் பக்கம் கோட்டோரம் நின்றுகொண்டு, "அவனுக்கு வலது கால் வராதுடா, உள்ளே தள்ளுங்கடா" என்று அவர்கள் பேக்குக்குச் சொல்லிக்கொடுக்கிறார்! எனக்கு வந்த கோபத்தில் வலது காலிலேயே அடிக்கப் பார்த்தேன். இடது கால் தரையில் ஊன்றியிருந்தது, மேலே ஆள் விழுந்தான். பட்டென்று ஒரு சத்தம். முதலில் ஓடிவந்தது தாத்தாதான், செருப்பைக்கூட விட்டுவிட்டு. எலும்பில் ஒன்றும் இல்லை, ஜவ்வு கிழிந்திருக்கிறது; அது யாருக்குத் தெரிந்தது? கட்டுப் போடும் ஆளிடம் தூக்கிப்போனார்கள், அவர் முட்டை தடவி மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். மூன்று மாதம் கழித்துப் பிரித்தபோது கால் நேராக இருந்தது, ஓட மட்டும் வரவில்லை. தாத்தா கடைசி வரை அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் பரோட்டா காசை அன்றைக்கே எங்கள் பையன்களிடம் கொடுத்துவிட்டாராம். ஜெயித்தது நாங்கள்தான்.

இது ஏன் இப்போது ஞாபகம் வந்தது என்றால், பிப்ரவரி 6, இங்கே உங்களோடு லீக் ஆட்டம். நீ லீவு போட்டு வந்திருந்தாய். இரண்டாவது நிமிடமே உங்கள் ஹாவோகிப் அடித்தபோது நீ அசையவில்லை, நல்ல பிள்ளையாகத்தான் இருந்தாய். ஃபிரான்சிஸ் சமன் செய்தபோது என்னோடு எழுந்துகூட நின்றாய். ஆனால் மிக்கு இரண்டாவதைப் போட்டதும் உன் கை தானாகத் தட்டிவிட்டது. தட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். 1-3 என்று முடிந்து ஆட்டோவில் வரும்போது நான் வாயே திறக்கவில்லை. தோற்ற கோபம் என்று நீ நினைத்திருப்பாய். உண்மையைச் சொல்கிறேன், ஆறு வருடம் ஏழு வருடம் என்று நீ அந்த ஊரிலேயே இருந்துவிடுவாய் என்பது எனக்கு அந்தக் கைதட்டலில்தான் உறைத்தது. வாடகை ஒப்பந்தம், ஆபீஸ், புது கேஸ் கனெக்‌ஷன் எதிலும் உறைக்காதது. தாத்தா மாதிரி எனக்கு எதிர்ப்பக்கம் நின்று கத்தவும் தெரியவில்லை, உம்மென்று வந்தேன். அது தப்பு.

சரி. டிக்கெட் இரண்டு எடுத்துவிட்டதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய், என்னிடம் சொல்லப் பயம். வருகிறேன். மே மாதம் ரிட்டயர்மென்ட், அதற்குள் மிச்சம் இருக்கிற ரயில்வே பாஸில் ஒன்றை இதற்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை காலை பிருந்தாவன் எக்ஸ்பிரஸ். கண்டோன்மென்ட்டுக்கு வந்து நிற்காதே, நானே ஆட்டோ பிடித்து வருகிறேன், கன்னடம் வராவிட்டாலும் தமிழுக்கு அந்த ஊரில் பஞ்சம் இல்லை. அம்மா பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்தனுப்புகிறாள். யார் ஜெயித்தாலும் டப்பாக்கள் திரும்பி வர வேண்டும் என்று சொல்லச் சொன்னாள்.

இரண்டு விஷயம் மட்டும். உங்கள் ஆட்கள் கும்பலாக நின்று பாடும் அந்த வெஸ்ட் பிளாக்கில் இடம் எடுத்திருந்தால் மாற்றப் பார். தொண்ணூறு நிமிடம் நிற்க என்னால் முடியாது. மாற்ற முடியாவிட்டால் பரவாயில்லை, படி ஓரமாக ஒரு இடம். சட்டை விஷயத்தில் பயப்படாதே, எங்களுக்கும் நீலம், உங்களுக்கும் நீலம், யாருக்கும் சட்டென்று தெரியாது. வாயைத் திறந்தால்தான் வம்பு.

இன்னொன்று, 2015 டிசம்பர். வெள்ளம் வடிந்து வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு அப்படியே இருக்கிறது, நம் ஊரில் நடக்க வேண்டிய செமி ஃபைனலையே மழையால் புனேக்குக் கொண்டுபோனார்கள். லீக்கில் கடைசி இடத்தில் கிடந்து எழுந்துவந்த அணி, கோவாவில் கோவாவோடு ஃபைனல். 87-ஆவது நிமிடம் அவர்கள் 2-1 என்று ஆக்கியதும் நான் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டேன், பார்க்க முடியவில்லை. ஈரப் பாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது கீழே இருந்து நீ கத்தினாய். கோவா கோலியின் கையில் பட்டே பந்து உள்ளே போயிருந்தது. நான் படி இறங்குவதற்குள் மறுபடியும் கத்தினாய், மெண்டோசா. கோப்பை நமக்கு. அந்த இரண்டு கோலையும் நேரலையில் நான் பார்க்கவே இல்லை. நான் இருந்திருந்தால் விழுந்திருக்காது என்று இன்று வரை எனக்கு ஒரு எண்ணம், நீ சிரித்தாலும் சரி.

அதனால் சனிக்கிழமை 85-ஆவது நிமிடத்தில் நாங்கள் பின்தங்கி இருந்தால் நான் எழுந்து வெளியே போவேன். முட்டி வலிக்கிறதோ, கோபமோ என்று நினைத்துக்கொண்டு என் பின்னால் ஓடிவராதே. நீ உட்கார்ந்து கடைசி வரை பார். வாசலில் டீ விற்பவன் பக்கத்தில்தான் நிற்பேன். விசில் அடித்ததும் வந்து என்ன ஆயிற்று என்று சொல், கட்டைவிரல் காட்டாமல் வாயால் சொல்.

அன்புடன்,
அப்பா