பத்து டோக்கனும் ஒரு படியும்

அன்புள்ள கோபாலா,

உன் கடிதத்தை நானும் கமலாவும் சேர்ந்து படித்தோம். பேரன் தமிழில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறான் என்றதும் இவளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். தங்கச்சியின் முட்டி வலி எப்படி இருக்கிறது என்று மட்டும் நீ எழுதவில்லை. அதற்குப் பதில் சிங்கப்பூர் சிக்னலைப் பற்றி ஒரு பக்கம்!

அந்த சிக்னல் கதையை வாக்கிங் வரும் கூட்டத்திடம் சொன்னேன். கம்பத்தில் முதியோர் கார்டைத் தட்டினால் பச்சை விளக்கு மூன்று முதல் பதின்மூன்று விநாடி வரை கூடுதலாக எரியும், 2009இலேயே ஆரம்பித்துவிட்டார்கள் என்றால் யாரும் நம்பவில்லை. இங்கே நமக்குப் பச்சை விழுந்தாலும், இடது பக்கம் திரும்புகிற பைக்காரன் அதைத் தனக்கு விழுந்ததாகத்தான் நினைத்துக்கொள்கிறான்.

சென்னையில் அறுபது தாண்டியவர்களுக்கு பஸ் இலவசமாமே, நிஜமா என்று கேட்டிருந்தாய். நிஜம்தான். 2016 பிப்ரவரியில், ஜெயலலிதா ஆட்சியில் வந்தது. கொரோனா காலத்தில் நிறுத்திவைத்து, அப்புறம் மறுபடி கொடுக்கத் தொடங்கினார்கள். சென்னையில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். ரேஷன் கார்டு, வயதுச் சான்று, போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு போனால் மாதத்துக்குப் பத்து டோக்கன் என்று ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஏசி பஸ்ஸில் மட்டும் செல்லாது.

பத்து என்றால் போக ஐந்து, வர ஐந்து. நேர் பஸ் இருக்கிறவனுக்கு அது ஐந்து பயணம். நடுவில் ஒரு பஸ் மாறவேண்டியவனுக்கு, ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போய்வரவே நாலு டோக்கன். மூன்றாவது தடவை போகலாம், திரும்பி வர டோக்கன் இருக்காது. நேர் பஸ் போகிற பக்கம்தான் கிழவனுக்கு டாக்டர் கிடைப்பார் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். கமலாவுக்கு இந்தத் தொல்லையே இல்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, இத்தனை தடவைதான் என்றும் கிடையாது. அவள் பாட்டுக்கு ஏறிப் போகிறாள், நான் சட்டைப் பையில் டோக்கனை எண்ணிக்கொண்டு நிற்கிறேன். அதில் அவளுக்கு ஒரு திருப்தி வேறு.

ஆனால் காசு பெரிய விஷயமில்லையடா. நம் வயதுக்காரர்களைக் கேட்டால் எல்லோரும் முதலில் சொல்வது படியைத்தான். பழைய பஸ்ஸின் தளம் தரையிலிருந்து சுமார் 900 மில்லிமீட்டர் உயரம். பல்லவன் போக்குவரத்துக் கழகக் காலத்தில் ஓடுகிற பஸ்ஸில் தாவினபோது நமக்கு அந்த உயரம் கண்ணில் பட்டதே கிடையாது. இப்போது முதல் படிக்கு ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் தொடையைத் தூக்கி வைக்கவேண்டியிருக்கிறது. அதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிடுவாரோ என்ற பயம் வேறு.

2024 ஆகஸ்டிலிருந்து தாழ்தள பஸ் வந்திருக்கிறது. தளம் 400 மில்லிமீட்டர்தான், படியே இல்லை. நிறுத்தத்தில் நின்றதும் இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்ந்து கொடுக்கும். இதைக் கிழவர்கள் யாரும் கேட்டு வாங்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் வருஷக்கணக்காக உயர் நீதிமன்றத்தில் வழக்காடி வாங்கியது. நம் ரோட்டுக்கு, மழைக்கு, வேகத்தடைக்கு இந்த பஸ் ஒத்துவராது என்றெல்லாம் அரசுத் தரப்பில் எதிர்வாதம் வைத்தார்கள். இன்று அதே ரோட்டில்தான் ஓடுகிறது. சக்கர நாற்காலிக்காக அவர்கள் போராடினார்கள், நாங்கள் சொகுசாக ஏறிக்கொள்கிறோம்.

குறை ஒன்று உண்டு. தாழ்தள பஸ் நடைபாதையை ஒட்டி நின்றால்தான் பலன். நிறுத்தத்தில் ஆட்டோவும் பைக்கும் நின்றால் டிரைவர் என்ன செய்வார்? நடுரோட்டில்தான் நிறுத்துவார். நாம் நடைபாதையிலிருந்து ரோட்டில் இறங்கி, நாலு எட்டு ஓடி, மறுபடி ஏறவேண்டும். இத்தனை பணம் போட்டு பஸ் வாங்குகிறவர்கள், நிறுத்தத்துக்கு முன்னால் பத்து மீட்டரைக் காலியாக வைக்க ஒரு போலீஸ்காரரைப் போட்டால் போதும். என்னைக் கேட்டால் டோக்கனை இருபதாக்குவதற்கு முன்னால் இதைத்தான் செய்யச் சொல்வேன். நிழலும் உட்கார ஒரு பெஞ்சும் இருந்தால் இன்னும் நல்லது. உட்கார இடமில்லாமல் அரைமணி நேரம் நிற்கமுடியாது என்றே எங்கள் தெருவில் இரண்டு பேர் வெளியே போவதை விட்டுவிட்டார்கள். பஸ் காலியாக வந்தாலும் அவர்களுக்கு அது உதவாது.

தை மாதம் கும்பகோணம் போவது பற்றி. பஸ் வேண்டாம். தெற்கே போகிற பஸ் பெரும்பாலும் 2023 டிசம்பர் கடைசியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, ஊருக்கு வெளியே கிளாம்பாக்கத்தில் கட்டிய புது பஸ் நிலையத்துக்குப் போய்விட்டது. உள்ளே பேட்டரி கார் வைத்திருக்கிறார்கள், பெரிய இடம், சுத்தமாகவும் இருக்கிறது. ஆனால் நகரத்துக்குள்ளிருந்து மூட்டையோடு அங்கே போய்ச் சேர்வதே ஒரு பிரயாணம். ரயிலிலேயே போவோம். முதியோர் சலுகை 2020 மார்ச்சில் எடுத்தது இன்னும் திரும்பவில்லை, முழுக் கட்டணம்தான். கீழ் பெர்த்துக்கு மட்டும் முதியோர் கோட்டா இருக்கிறது. அது ஒரு டிக்கெட்டில் இரண்டு பேர் வரைக்கும்தான். ஆகவே நாலு பேரையும் ஒன்றாகப் போட்டுவிடாதே. நீயும் தங்கச்சியும் ஒரு டிக்கெட், நாங்கள் ஒரு டிக்கெட். மாப்பிள்ளையிடம் தெளிவாகச் சொல்லிவிடு, போன தடவை மாதிரி தங்கச்சிக்கு மேல் பெர்த் வந்துவிடப்போகிறது.

தேதி முடிவானதும் எழுது. வரும்போது கோடாரித் தைலம் நாலு பாட்டில் வாங்கி வா. இரண்டு எனக்கு, இரண்டு வாக்கிங் கூட்டத்துக்கு.

உன்
சேது