பட்டனை எண்ண வேண்டாம், பிடியை முறுக்கிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுத் தேர்வு முடிந்ததும் ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கத்துப் பிள்ளைகள் பலர் வீட்டில் கேட்பது ஃப்ளைட் சிமுலேட்டருக்கு, அதாவது கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகும் மென்பொருளுக்கு, ஒரு ஜாய்ஸ்டிக். பெற்றோரும் ரிச்சி தெருவுக்குப் போய், பெட்டியின் மேல் எதில் அதிகப் பட்டன் போட்டிருக்கிறதோ அதை வாங்கி வருகிறார்கள். சில மாதங்களில் விமானம் தானாக ஒரு பக்கம் சாயத் தொடங்குகிறது. "எனக்கு ஓட்ட வரலைப்பா" என்று பிள்ளை அதை மூலையில் வைத்துவிடுகிறது. பெரும்பாலும் கோளாறு பிள்ளையின் கையில் இல்லை, பிடிக்கு அடியில் இருக்கும் சென்சாரில் இருக்கிறது. முதல் ஜாய்ஸ்டிக் வாங்கப் போகிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

மலிவான ஜாய்ஸ்டிக்கின் அடிப்பெட்டியைத் திறந்தால், ரேடியோவின் வால்யூம் குமிழுக்குள் இருக்கும் அதே பொட்டென்ஷியோமீட்டர்தான் உள்ளே இருக்கும். குதிரை லாடம் போல வளைந்த கரிப்பூச்சுத் தடம் ஒன்று. அதன் மேல் உரசியபடி நகரும் மெல்லிய உலோக நாக்கு ஒன்று. நாக்கு தடத்தில் எந்த இடத்தைத் தொடுகிறது என்பதை வைத்தே பிடி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. பறக்கும் நேரத்தில் பெரும்பகுதி விமானம் நேராகவே போவதால், நாக்கு தடத்தின் நடுப்பகுதியிலேயே ஓயாமல் உரசுகிறது. முதலில் தேய்வதும் அந்த நடுப்பகுதிதான். பழைய ரேடியோவில் வால்யூமைத் திருகினால் கரகரவென்று சத்தம் வருமே, அதே கரகரப்புதான் இங்கே விமானத்தின் நடுக்கமாகத் தெரிகிறது.

வடசென்னையில் இது இன்னும் சீக்கிரம் வரும். காசிமேடு முதல் எண்ணூர் வரை உப்புக் காற்று. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி ஜன்னல் கம்பியில் படிவதுபோலவே பிடியின் கழுத்து இடுக்கு வழியாக உள்ளேயும் இறங்கும். உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரத்தில் புழுதி ஒட்டும். ஒட்டிய புழுதி கரித் தடத்தை அரத்தைப்போல அரிக்கும்.

இதற்கு மாற்று ஹால் எஃபெக்ட் சென்சார். பிடியோடு சேர்ந்து ஒரு சிறு காந்தம் அசையும். அதைத் தொடாமல் தள்ளி இருக்கும் சில்லு காந்தப்புலத்தின் மாற்றத்தை அளக்கும். உரசல் இல்லாததால் தேய்மானமும் இல்லை. ஸ்ப்ரிங் தளரலாம், கிரீஸ் காயலாம், ஆனால் அளவு தடுமாறாது. த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் இந்த வகை. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதில் முன்-பின், இட-வலச் சாய்வுகளுக்கு மட்டும்தான் ஹால் சென்சார்; பிடியை முறுக்கும் அசைவுக்குப் பழைய பொட்டென்ஷியோமீட்டர்தான். பெட்டியில் ஹால் என்று போட்டிருந்தால் எல்லா அசைவுக்கும் என்று எடுத்துக்கொள்ளாமல், "முறுக்குக்கும் ஹாலா?" என்று தனியாகக் கேளுங்கள். விகேபி கிளாடியேட்டர் என்எக்ஸ்டி ஈவோவில் முறுக்குக்கும் உரசாத சென்சார் உண்டு. விலையும் அதற்கேற்றபடி ஏறும்.

அந்த முறுக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? செஸ்னா 172 போன்ற ஒற்றை எஞ்சின் விமானம் ரன்வேயில் முழு வேகம் எடுக்கும்போது, புரொப்பல்லர் சுழற்சியால் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். மூக்கை இட-வலமாகத் திருப்பும் வால் பலகைதான் ரடர். வலது ரடரை அழுத்தித்தான் நேராக வைக்க வேண்டும். மிதிபெடல் இல்லாத வீட்டில் அந்த ரடர் பிடியின் முறுக்கில்தான் இருக்கிறது. முறுக்கே இல்லாத ஜாய்ஸ்டிக்கும் கடைகளில் உண்டு. அதை வாங்கினால் ரடருக்குக் கீபோர்டைத் தட்ட வேண்டும், பிள்ளை ஒவ்வொரு டேக்-ஆஃபிலும் புல்தரைக்குப் போகும். ஆகவே முதல் ஜாய்ஸ்டிக்குக்கு நாங்கள் கேட்பது மூன்று: முறுக்கும் பிடி, த்ராட்டிலுக்கு (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்க) ஒரு சிறு நெம்பு, சுற்றிலும் பார்ப்பதற்குப் பிடியின் தலையில் எட்டுத் திசையும் தள்ளக்கூடிய ஹேட் சுவிட்ச். 12 பட்டன் தாராளம். பிடியின் அசைவை எத்தனை படிகளாகப் பிரித்து அளக்கிறது என்று பெட்டியில் போடும் துல்லிய எண்களுக்கும் மயங்க வேண்டாம். 1,024 படிகள் உள்ளதும் 16,384 படிகள் உள்ளதும் புதிதாகப் பழகும் கைக்கு ஒன்றேதான். நடுங்கும் 16,384-ஐவிட நடுங்காத 1,024 மேல்.

ஹால் வகைக்குப் பணம் போதாவிட்டால் லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ போதும். மேலே சொன்ன மூன்றும் அதில் இருக்கின்றன. ஆனால் புதிதாக, பில்லோடு வாங்குங்கள். பொட்டென்ஷியோமீட்டர் வகையைப் பழையதாக வாங்குவது தேய்ந்த டயரை வாங்குவதற்குச் சமம். தனி த்ராட்டில், பெடல், கார் ஸ்டியரிங் போன்ற யோக் எல்லாம் ஓராண்டு கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். நம் ஒண்டுக்குடித்தன மேசையில் அவற்றுக்கு இடமும் இருக்காது. இடக்கைப் பழக்கம் உள்ள பிள்ளையாக இருந்தால் இரு கைக்கும் பொருந்தும் பிடியாகப் பாருங்கள், டி.16000எம் அப்படிப்பட்டது. ஏர்பஸ் ஏ320-ல் ஆசை உள்ள பிள்ளைக்கும் அது உதவும். அந்த விமானத்தில் கேப்டன் இடப்பக்கம் அமர்ந்து இடக்கையால்தான் ஸ்டிக்கைப் பிடிக்கிறார். கேம் கன்சோலுக்கு என்றால் கதை வேறு. கம்ப்யூட்டருக்கான இந்த ஜாய்ஸ்டிக்குகள் எக்ஸ்பாக்ஸில் வேலை செய்யாது.

கடையிலேயே சோதிக்க ஒரு லேப்டாப் போதும், ஐந்து நிமிடம் ஆகும். யுஎஸ்பியைச் செருகும்போது பிடியைத் தொடாதீர்கள். செருகும் நொடியில் எங்கே நிற்கிறதோ அதையே நடு என்று எடுத்துக்கொள்ளும் மாடல்கள் உண்டு. பிறகு விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, ஜே, ஓ, ஒய், ஒரு புள்ளி, சி, பி, எல் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுத்தால் வரும் பட்டியலில் ஜாய்ஸ்டிக்கைத் தேர்ந்து பிராப்பர்ட்டீஸுக்குள் போங்கள். ஒரு கட்டத்துக்குள் சிறு கூட்டல் குறி தெரியும். பிடியை முன்னே தள்ளி மெதுவாக விடுங்கள், பிறகு பின்னே, இடம், வலம். நான்கு முறையும் குறி ஒரே இடத்துக்குத் திரும்ப வேண்டும். இடமிருந்து விட்டால் ஓரிடம், வலமிருந்து விட்டால் வேறிடம் என்றால் நடுவில் ஆட்டம் இருக்கிறது, வேண்டாம். அடுத்து பிடியைப் பாதி சாய்த்து, முழங்கையை மேசையில் ஊன்றி, பத்து எண்ணும்வரை அசையாமல் பிடியுங்கள். கை அசையாமல் இருக்கும்போதே குறி துள்ளினால் தடம் போய்விட்டது. கடைசியாக முறுக்கை ஒரு கோடி முதல் மறு கோடி வரை, கடிகார முள்போல மெல்லத் திருப்புங்கள். அதற்குரிய பட்டை தாவாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பெரும்பாலும் முதலில் பழுதாவது இந்த அசைவுதான் என்பதால் இரண்டு மூன்று முறை பாருங்கள். பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்தித் திரையில் அதற்குரிய விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டால் முடிந்தது.

வீட்டில் வைக்கும் உயரத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். சாப்பாட்டு மேசை மேல் வைத்தால் தோள் தூக்கிக்கொள்ளும், அரை மணியில் வலிக்கும். முழங்கை செங்கோணத்தில் மடங்கி, முன்கை தொடை மேல் தங்க வேண்டும். கால்களுக்கு நடுவே ஒரு சிறு ஸ்டூலில் வைத்தால் சரியாக வரும். அடியில் ரப்பர் உறிஞ்சிகள் இருந்தால் அவை வழவழப்பான பரப்பில்தான் பிடிக்கும். மேசைவிரிப்பின் மேல் நிற்காது.

செட்டிங்கில் முதலில் பார்க்க வேண்டியது ஒரே வேலை இரண்டு சாதனங்களுக்குப் போயிருக்கிறதா என்பது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், செருகிய ஒவ்வொன்றுக்கும் தானே வேலை ஒதுக்கிவிடும். கேம் கன்ட்ரோலரும் செருகியிருந்தால் இரண்டும் த்ராட்டிலைப் பிடித்து இழுக்கும். எஞ்சின் ஏறி இறங்கித் தவிக்கும். புதிய ஜாய்ஸ்டிக் பழுது என்று திருப்பிக் கொடுப்பதற்கு முன் இதைப் பாருங்கள். சென்சிட்டிவிட்டியில் முன்-பின், இட-வல வளைவுகளை மைனஸ் 30 சதவீதம் அளவில் வைத்தால் நடுவில் அசைவு மென்மையாகும். டெட் ஸோன் (நடுவில் பிடி சற்று அசைந்தாலும் கணக்கில் எடுக்காத பகுதி), பொட்டென்ஷியோமீட்டர் வகைக்கு 3 முதல் 5 சதவீதம், ஹாலுக்கு 1 அல்லது 2. முறுக்குக்கு மட்டும் 8 சதவீதம் வரை கொடுக்கலாம். பிடியைப் பின்னுக்கு இழுக்கும்போது மணிக்கட்டு தன்னையறியாமல் கொஞ்சம் முறுக்கிவிடும் என்பதே காரணம்.

பிடியை இழுத்துப் பிடிக்காமலே மூக்கை ஒரே நிலையில் நிறுத்த உதவும் டிரிம் பற்றி யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, அதனால் இதைச் சற்று நின்று சொல்கிறோம். நிஜ செஸ்னாவில் மேலேறும்போது விமானி யோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு டிரிம் சக்கரத்தைச் சுழற்றுவார். யோக் இருந்த இடத்திலேயே இருக்க, கையில் பாரம் மட்டும் கரைந்துபோகும். ஸ்ப்ரிங் ஜாய்ஸ்டிக்கில் அது நடக்காது. ஸ்ப்ரிங் எப்போதும் நடுவுக்கே இழுக்கும். ஆகவே டிரிமை இரண்டு பட்டன்களில் வைத்துக்கொண்டு, மூக்கு எங்கே வேண்டுமோ அங்கே பிடியால் நிறுத்தி, டிரிமை ஒவ்வொரு தட்டாகத் தட்டியபடியே பிடியை நடுவுக்கு விட வேண்டும். பிடி நடுவுக்கு வரும்போது மூக்கு இருந்த இடத்திலேயே நின்றால் டிரிம் சரி. இது தெரியாத பிள்ளை மணிக்கணக்கில் பிடியை இழுத்துப் பிடித்தே ஓட்டும். கையும் வலிக்கும், ஸ்ப்ரிங்கும் போகும். பயிற்சிக்கு மீனம்பாக்கத்தின் 07 ரன்வேயில் செஸ்னா 172எஸ்ஸை வைத்து, 55 நாட் (knot, விமான வேகத்தின் அலகு) வேகத்தில் மூக்கைத் தூக்கி, 75 நாட் வேகத்தில் ஏறி, 2,000 அடியில் டிரிம் செய்து கையை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிடத்தில் உயரம் 100 அடிக்கு மேல் மாறாவிட்டால் பிள்ளைக்குக் கை வந்துவிட்டது.

பராமரிப்பு எளிது. ஓட்டி முடித்ததும் பருத்தித் துணி போட்டு மூடுங்கள். பிளாஸ்டிக் உறையில் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கும். யுஎஸ்பி முனையில் பச்சை பூத்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பொட்டென்ஷியோமீட்டர் நடுங்கத் தொடங்கினால் பிளாஸ்டிக்கைப் பாதிக்காத எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனரை ஒரு முறை பீய்ச்சி, பிடியை ஐம்பது தடவை கோடி முதல் கோடி வரை ஆட்டினால் சில மாதம் தாங்கும். துருவுக்கு அடிக்கும் எண்ணெயை மட்டும் அடிக்கவே வேண்டாம். அதன் பிசுக்கு புழுதியை இன்னும் இழுக்கும்.

இரண்டு வேண்டுகோள்கள். கடைக்காரர்கள் ஒரு ஜாய்ஸ்டிக்கையாவது பெட்டிக்கு வெளியே வைத்து வாங்குபவர் சோதிக்க விட வேண்டும். எந்த அசைவுக்கு எந்தச் சென்சார் என்பதை விலைச்சீட்டிலேயே தமிழில் எழுத வேண்டும். அடுத்தது அரசுக்கு. கொளத்தூரில் 2024-ல் முதல்வர் படைப்பகம் திறக்கப்பட்டது. அதுபோன்ற படிப்பு மையங்களிலும் வடசென்னையின் கிளை நூலகங்களிலும் ஒரு கம்ப்யூட்டரில் ஃப்ளைட்கியர் சிமுலேட்டரைப் போட்டு, முறுக்குப் பிடியுள்ள ஜாய்ஸ்டிக் ஒன்றை மேசையோடு திருகி வைக்கலாம். ஃப்ளைட்கியர் இலவசம், உரிமக் கட்டணம் கிடையாது. செலவு அந்த ஜாய்ஸ்டிக் ஒன்றுக்குத்தான். ஒரு பிள்ளைக்கு அரை மணி என்று முறை வைத்தால், வீட்டில் பணம் போடுவதற்கு முன்பே அதன் கைக்கு எது பொருந்தும் என்று தெரிந்துவிடும். வாங்க முடியாத வீட்டுப் பிள்ளையும் ஓட்டிப் பழகும்.

இப்படிக்கு,
சிமுலேட்டர் ஓட்டும், பழுதும் பார்க்கும் வாசகர்கள் சிலர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.