நயினார்குளத்தைப் பறவைகளின் புகலிடமாகவும் பள்ளிப் பிள்ளைகளின் திறந்தவெளி வகுப்பறையாகவும் பராமரிக்கக் கோரும் மனு

அனுப்புநர்
நயினார்குளம் பாசன விவசாயிகள், டவுன் பகுதிப் பள்ளி ஆசிரியர்கள், பறவைக் கணக்கெடுப்பில் பங்கேற்போர்,
திருநெல்வேலி டவுன்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: நயினார்குளத்தில் தூர்வாரும் முறை, அமலைச்செடி (ஆகாயத்தாமரை) அகற்றல், பறவை பார்க்கும் வகுப்பு ஏற்பாடு – ஆணை வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

சுத்தமல்லி அணைக்கட்டில் பிரியும் நெல்லைக் கால்வாய்த் தண்ணீர் வந்து சேரும் நயினார்குளம், டவுன் பிள்ளைகள் நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருக்கிறது. நம் மாவட்டக் கூந்தன்குளம் 1994-லேயே பறவைகள் சரணாலயமாகிவிட்டது என்றாலும், பஸ் பிடித்து வருடத்துக்கு ஒரு தடவை போய்வந்தால் அது சுற்றுலாவோடு சரி. ஒரே குளத்தை ஐப்பசியிலும் தையிலும் பங்குனியிலும் பார்த்தால்தான், தண்ணீர் ஏறி இறங்க எந்தப் பறவை வருகிறது, எது கிளம்புகிறது என்பது பிள்ளைகளுக்குப் பிடிபடும். பிசானம் என்னும் நெல் சாகுபடிப் பருவமும் பள்ளி ஆண்டும் ஒத்துப்போவது நமக்கு நல்ல வாய்ப்பு.

எங்கள் முதல் கவலை தூர்வாருவது பற்றியது. கரையை நெட்டுக்குத்தாக வெட்டிக் கல் பதித்து, குளம் முழுவதையும் ஒரே ஆழமாகத் தோண்டினால் நீர்க்காகமும் முக்குளிப்பானும் மட்டுமே மிஞ்சும். உள்ளான்களுக்குச் சேறும் விரற்கடைத் தண்ணீரும் வேண்டும். நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் கால் ஊன்றி நின்றுதான் இரை தேடும். ஆகவே மடைப் பக்கம் ஆழமாக எடுத்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் பத்தடிக்கு ஓரடி என்ற சரிவில் விட வேண்டும். பாசனத்துக்குத் தேவையான கொள்ளளவை ஆழப் பகுதியிலேயே ஈடுகட்டலாம்.

எடுக்கும் வண்டலில் இரண்டு மூன்று திட்டுகள் போட்டு, மறுகால் (உபரி நீர் வெளியேறும் இடம்) மட்டத்துக்கு மேல் மூன்றடி உயரம் இருக்கும்படி செய்ய வேண்டும். ஈர மண்ணைக் கொட்டிய கையோடு கன்று நட்டால் முதல் வெள்ளத்திலேயே திட்டு கரைந்துவிடும். ஒரு கோடை காயவிட்டு, இறுகிய பிறகு, புரட்டாசியில் நாட்டுக்கருவேலும் நீர்மருதும் நட வேண்டும். குளம் வற்றும் சித்திரை, வைகாசியில்தான் இயந்திரம் இறங்கும். பல நாரைகளின் குஞ்சுகள் கூட்டில் இருப்பதும் அப்போதுதான். குஞ்சுகள் பறக்கும்வரை கூட்டு மரங்களிலிருந்து 100 மீட்டருக்குள் இயந்திரம் போகக்கூடாது என்று ஒப்பந்த நிபந்தனையிலேயே எழுத வேண்டும். வாய்மொழி உத்தரவு ஓட்டுநர் மாறினால் நிற்காது.

அமலைச்செடியை வாரிக் கரையிலேயே குவிப்பதால்தான் அது திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு மழையில் மொத்தமும் உள்ளே சரிகிறது; ஓடித்தண்டின் (படர்ந்து புதுச் செடி விடும் தண்டு) ஒரு துண்டு போதும், மறுபடி பரவும். விதையோ சேற்றுக்குள் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். பூக்கும் முன் வாரி, அன்றைக்கே வண்டியில் ஏற்றி, உரக்கிடங்குக்குக் கொண்டுபோக வேண்டும். சாக்கடைத் தண்ணீர் குளத்துக்குள் விழுந்துகொண்டிருக்கும்வரை அதற்குத் தீனி கிடைத்துக்கொண்டே இருக்கும் என்பதால், கழிவுநீர் வாய்களை அடைப்பதை முதல் வேலையாகச் செய்யக் கேட்கிறோம். கால்வாய் குளத்தில் சேரும் இடத்தில் இரண்டு அங்குல இடைவெளியில் இரும்புக்கம்பித் தடுப்பு தேவை. தண்ணீர் வரும் நாட்களில் தினமும் குப்பை எடுக்க ஆள் இல்லாவிட்டால் அதுவே அடைத்துக் கால்வாயை உடைக்கும். ஆளையும் சேர்த்தே நியமிக்க வேண்டும்.

வகுப்புக்குக் கட்டடம் வேண்டாம். கிழக்குக் கரையில் இருபதடி நீளம், ஆறடி உயரத்தில் பனை ஓலைத் தட்டி போதும். மேற்கே வைத்தால் காலை எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். தகரம் கூடாது, காற்றில் அடித்துக்கொள்ளும், வெயிலில் மின்னும், கூட்டமே எழும்பிப் போய்விடும். பார்க்கும் துளைகள் மூன்றடியிலும் நாலரை அடியிலும் இருந்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. ஆழம் குறைந்த இடத்தில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு பட்டையாகச் சிவப்பும் வெள்ளையும் அடித்த கம்பம் ஒன்று நட வேண்டும். அதன் பக்கத்தில் நாரை வந்து நின்றால் முட்டிவரை எத்தனை பட்டை என்று பிள்ளைகளே எண்ணிக் குறித்துக்கொள்வார்கள். எந்தப் பறவைக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடமும் சொல்லித்தராது.

ஒரு தடவைக்கு 25 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், காலை 6.30 முதல் 8.30 வரை, மாதம் இரண்டு முறை. ஐந்து பேருக்கு ஒரு பைனாகுலர், 8x42 அளவு (8 மடங்கு பெரிதாக்குவது) போதும். 12 மடங்குக் கருவி பிள்ளைகள் கையில் ஆடும். கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே கயிறு கட்டியாக வேண்டும். வக்காக்கள் (இராக்கொக்குகள்) அடையும் மரங்கள் பக்கம் உயர்கோபுர விளக்கும், குளத்தில் படகும் வேண்டவே வேண்டாம்.

ஊர்க் குளத்தைப் பறவைகளுக்காகக் காப்பதற்கு நம் மாவட்டத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. திருப்புடைமருதூர் 2005-இல், ஊர் மக்களின் பங்களிப்போடு, பறவைகள் காப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. நயினார்குளத்துக்கும் அதே வழியில் முன்மொழிவு அனுப்பும்படி வனத்துறைக்கு அறிவுறுத்தக் கோருகிறோம். அதுவரை, அடுத்த தூர்வாரும் மதிப்பீட்டுக்கு ஒப்புதல் தரும் முன், நீர்வளத் துறை, மாநகராட்சி, வனத்துறை, பள்ளிக் கல்வித் துறை அலுவலர்கள் எங்களோடு சேர்ந்து ஒரு நாள் அதிகாலையில் குளத்தைச் சுற்றிப் பார்க்கத் தேதி குறித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்